நான் நீக்கிய இணைப்பு

தேனியில் ஒரு பள்ளி நூலகத்தில் வேலை பார்க்கிறேன். மாலையில் வீட்டுக்கு வந்து காபி குடித்த பிறகு அன்றைய நாளை ஒரு பக்க அளவுக்கு எழுதி என் வலைப்பூவில் ஏற்றுவது பல வருடப் பழக்கம். மழை பெய்ததா, முல்லையாற்றில் தண்ணீர் எப்படிப் போகிறது, குமுளி மலைப்பாதையில் வண்டிகள் ஓடுகின்றனவா, சந்தையில் எந்தக் காய் குவிந்து கிடந்தது, எங்கள் தெருவில் யார் வீட்டில் விசேஷம். இவ்வளவுதான் அதில் இருக்கும். படிக்கிறவர்களில் பெரும்பாலானவர்கள் எங்கள் கம்பம் பள்ளத்தாக்கை விட்டுப் பிழைக்கப் போனவர்கள். திருப்பூரிலும் சென்னையிலும் வளைகுடா நாடுகளிலும் இருந்துகொண்டு, ஊரில் இன்று மழையா என்று தெரிந்துகொள்ள வருகிறவர்கள்.

வலைப்பூவுக்கு இடம் தருவது ஒரு வெளிநாட்டு நிறுவனம். காசு வாங்குவதில்லை. அது வாடகை வீடு கூட இல்லை, சும்மா இருந்துகொள் என்று விட்ட வீடு. அப்படிப்பட்ட வீட்டில் ஆணி அடிப்பதற்கு முன் யோசிக்க வேண்டும். அதனால் அவர்களுடைய விதிகளை அச்செடுத்து வாசித்தவள் நான். எழுதுவதைப் பற்றிய விதிகள் எனக்குச் சிரமம் தரவில்லை. வெளியே போகும் இணைப்புகளைப் பற்றிய பகுதியைத்தான் திரும்பத் திரும்பப் படித்தேன். நம் பக்கத்திலிருந்து படிக்கிறவரை எங்கே அனுப்புகிறோம் என்பதற்கு நாம்தான் பொறுப்பு என்று அது சொன்னது.

நான் புரிந்துகொண்டது இது. சூதாட்டம், போலி மருந்து, ஆபாசம் ஆகியவற்றுக்கு இணைப்புக் கொடுக்கவே கூடாது. உண்மையான முகவரியை மறைக்கும் சுருக்க முகவரிகள் கூடாது. ஒரு வலைப்பூ முழுவதும் எங்கோ இருக்கும் கடைக்கு ஆள் பிடித்து அனுப்புவதற்காகவே நடத்தப்பட்டால் அதை மூடிவிடுவார்கள். ஆனால் சொந்தமாக எழுதுகிற ஒருவர், எழுத்தின் ஊடே தன் கடைக்கோ உறவினர் கடைக்கோ தெரிந்தவர் புத்தகத்துக்கோ இணைப்புக் கொடுத்தால் தவறில்லை. எழுத்து முதலில், கடை பிறகு. இந்தக் கடைசிப் பத்தியைப் பென்சிலால் அடிக்கோடிட்டிருந்தேன். வலைப்பூ எழுதும் மற்ற சிலர் இந்த இணைப்பைக் கொடுக்கலாமா, கூடாதா என்று என்னிடம் கேட்டு எழுதுவார்கள். நானும் பத்தியைச் சுட்டிக்காட்டிப் பதில் சொல்லுவேன். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமை உண்டு. உண்டு என்று இப்போது எழுதக் கை கூசுகிறது.

என் நாத்தனார், கணவரின் தங்கை, கம்பத்துக்கு அந்தப் பக்கம் சுருளி போகும் வழியில் இருக்கிறாள். அவளும் அவள் வீட்டுக்காரரும் குத்தகைக்கு ஒரு சின்னத் திராட்சைத் தோட்டம் பார்க்கிறார்கள். கல்தூண் ஊன்றி, கம்பி இழுத்து, தலைக்கு மேல் கொடி படர்ந்த பந்தல். பன்னீர் திராட்சை. எங்கள் பக்கம் திராட்சை விற்பது எப்படியென்றால், காய் நிறம் திரும்பும்போது வியாபாரி தோட்டத்துக்கு வருவார். பந்தலுக்கு அடியில் நடந்து, அண்ணாந்து பார்த்து, ஒரு விலை சொல்லி அச்சாரம் கொடுப்பார். அச்சாரம் கை மாறிவிட்டால் கொடியில் தொங்கும் பழம் அவருடையது. அதற்குப் பிறகு தோட்டக்காரர் ஒரு குலையைக் கூட வெளியே விற்கக் கூடாது. எழுத்தில் எதுவும் கிடையாது. ஆனால் அதை மீறினவர் தோட்டத்துக்கு அடுத்த முறை எந்த வியாபாரியும் வரமாட்டார்.

ஒவ்வொரு வெள்ளாமையிலும் வியாபாரி சொன்னதுதான் விலை என்பதில் என் நாத்தனாருக்கு மனம் ஆறாது. போன வருடம் அவள் தன் ஃபோனிலேயே ஒரு பக்கம் தயாரித்தாள். பெட்டி வேண்டுமென்றால் பேரும் ஊரும் ஃபோன் நம்பரும் கொடுத்தால் போதும். காலையில் வெட்டிய பழத்தைக் காகிதம் விரித்த பெட்டியில் அடுக்கி, சாயங்காலப் பஸ்ஸில் ஏற்றிவிடுவார்கள். மறுநாள் காலை கோயம்புத்தூரிலோ திருப்பூரிலோ எடுத்துக்கொள்ளலாம். பக்கம் தயாரானதும் எனக்குத்தான் முதலில் அனுப்பினாள்.

நான் அப்போது அவர்கள் தோட்டத்தைப் பற்றித்தான் தொடர்ந்து எழுதிக்கொண்டிருந்தேன். பழைய கொடியைக் கழித்துக் கவாத்து வெட்டிய நாள், துளிர் விட்ட நாள், பூ எடுத்தது, காற்றில் ஒரு மூலைக் கம்பி அறுந்து எல்லாரும் தூக்கிக் கட்டியது. ஒவ்வொரு பதிவின் கீழும் அவள் பக்கத்துக்கு ஓர் இணைப்பு வைத்தேன். விதியைப் பார்த்துத்தான் வைத்தேன். பழம் பழுத்தபோது ஆர்டர்கள் வந்தன. பூ எடுத்ததிலிருந்து படித்துக்கொண்டிருந்தவர்கள் அந்தப் பழத்தைச் சாப்பிட்டுப் பார்க்க ஆசைப்பட்டார்கள். அந்த முறை கொஞ்சம் பழம்தான் இப்படிப் போனது. சில வரிசைகளை விட்டு மீதிக்கு மட்டும் வியாபாரியிடம் அச்சாரம் வாங்கியிருந்தார்கள். இந்த வருட ஐப்பசி வெள்ளாமைக்கு அவளுக்குத் துணிச்சல் வந்துவிட்டது. வியாபாரி வந்தபோது, இந்தத் தடவை அச்சாரம் வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். அவர் கோபப்படவில்லையாம். சிரித்துவிட்டு, மழைக்கு முன்னால் வெட்டிவிடு ஆத்தா என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாராம்.

அந்த நாட்களில் என் பதிவு ஒன்றின் கீழே யாரோ ஒருவர், "டைரி படிக்க வந்தேன், திராட்சைக் கடைக்குள்ள நுழைஞ்சிட்டேன் போல" என்று எழுதியிருந்தார். ஒரு கேலி, அவ்வளவுதான். நான் பதில் எழுதவில்லை. ஆனால் அது உள்ளே தைத்துவிட்டது. இத்தனை வருடம் யாரிடமும் எதையும் விற்காமல் எழுதியதாக நினைத்துக்கொண்டிருந்த பக்கம் அது.

அறுவடை தொடங்கிய வாரத்தில் நிறுவனத்திலிருந்து ஓர் அறிவிப்பு வந்தது. உங்கள் வலைப்பூவிலிருந்து வெளியே போகும் இணைப்பு ஒன்று எங்கள் விதிகளை மீறுகிறது. சரி செய்யாவிட்டால் வலைப்பூ முடக்கப்படும். எந்த இணைப்பு என்று சொல்லவில்லை. பள்ளியில் மதிய இடைவேளையில் ஃபோனில் அதைப் படித்தேன். இத்தனை வருட எழுத்தும் அங்கேதான் இருக்கிறது. வேறெங்கும் முழுதாக எடுத்துவைக்கவில்லை.

என் பக்கத்தில் கடைக்குப் போகும் இணைப்பு ஒன்றே ஒன்றுதான். அதுவாகத்தான் இருக்க வேண்டும் என்று முடிவுகட்டினேன். நூலகத்துக் கணினியில் உட்கார்ந்து, திராட்சைப் பதிவுகள் ஒவ்வொன்றையும் திறந்து, கீழிருந்த இணைப்பை எடுத்தேன். ஒன்று கூட விடாமல் எடுத்தேன். மணி அடிப்பதற்குள் வேலை முடிந்துவிட்டது.

இங்கே ஒன்றை நான் மழுப்பக் கூடாது. அந்த இணைப்பு விதிக்கு உட்பட்டது என்று எனக்குத் தெரியும். பென்சில் கோடு போட்ட பத்தி வீட்டு அலமாரியில் இருந்தது. ஊருக்கெல்லாம் அதைச் சொன்னவள் நான். தெரிந்தும் எடுத்தேன். பயம் ஒரு காரணம். ஆனால் எடுத்து முடித்தபோது மனம் லேசானது, அதைத்தான் என்னால் மறக்க முடியவில்லை. பக்கம் மறுபடியும் சுத்தமாகிவிட்டது என்று தோன்றியது. கேலி செய்தவருக்கு அறிவிப்பை ஒரு சாக்காக வைத்து நான் பதில் சொல்லியிருந்தேன்.

நாத்தனாரிடம் சொல்லவில்லை. ஓரிரு நாளில் நிறுவனத்துக்காரர்கள் சரியென்று சொல்லிவிடுவார்கள், பிறகு பதமாகப் பேசி வேறு வழி பார்க்கலாம் என்று நினைத்தேன்.

மறுநாள் மாலையே அவள் ஃபோன் பண்ணினாள். பின்னால் பந்தலில் கிளி விரட்டத் தகரம் தட்டும் சத்தம் கேட்டது.

"மதினி, ஓங்க பக்கத்துல ஏதும் கோளாறா? நேத்து மத்தியானத்துல இருந்து ஒரு ஆர்டரும் வரல. ஃபோனு ஊமையாக் கெடக்கு."

"அப்படியா? பாக்குறேன் தாயி."

"பாத்துச் சொல்லுங்க. பழம் பூராம் பழுத்து நிக்கி. ஆர்டரப் பாத்துட்டு வெட்டுவோம்னு இவுக சொல்றாக."

"பாக்குறேன்" என்று மறுபடியும் சொன்னேன். அன்று இரவுச் சாப்பாட்டுக்குத் தோசை சுட்டேன். பதிவு எழுதினேன். மேற்கே மலைமேல் மேகம் இறங்கியிருப்பதாகவும், காற்றில் ஈரம் இருப்பதாகவும் எழுதினேன். எல்லாம் சரியான விவரம்.

அவள் அடுத்த நாள்களில் இரண்டொரு முறை ஃபோன் பண்ணினாள். நான் எடுக்கவில்லை. ஸ்டாக் சரிபார்க்கும் வேலை என்று குறுஞ்செய்தி அனுப்பினேன். அது பொய்யில்லை, நூலகத்தில் அந்த வேலை நடந்துகொண்டுதான் இருந்தது.

வார முடிவில் இரண்டாவது அறிவிப்பு வந்தது. மீறல் இன்னும் நீடிக்கிறது என்று. அப்போதுதான் எனக்கு உறைத்தது. எடுக்க வேண்டியதை எடுக்காமல் வேறெதையோ எடுத்திருக்கிறேன்.

என் இணைப்புகளை நான் மாதந்தோறும் சரிபார்ப்பவள். எப்படிச் சரிபார்ப்பேன் என்பதையும் சொல்ல வேண்டும். ஒவ்வொரு முகவரியையும் எழுத்து எழுத்தாக ஒப்பிட்டுப் பார்ப்பேன். நூலக அட்டையையும் புத்தக எண்ணையும் ஒப்பிடுவது போல. புள்ளி விட்டுப்போயிருக்கிறதா, எழுத்து மாறியிருக்கிறதா என்று. அமுக்கித் திறந்து பார்ப்பதில்லை. முகவரி சரியாக இருந்தால் ஆளும் சரியாகத்தானே இருப்பார் என்ற நினைப்பு.

அன்று ஒவ்வொன்றாக அமுக்கினேன். வலைப்பூ தொடங்கிய காலத்தில், பக்கத்தின் ஓரத்தில் ஒரு மழை விவரப் பக்கத்துக்கு இணைப்பு வைத்திருந்தேன். வருசநாட்டுப் பக்கத்துக்காரர் ஒருவர் ஆர்வத்தில் நடத்தியது. அவர் எப்போதோ நிறுத்திவிட்டிருக்கிறார். முகவரிக்குக் கட்டணம் கட்டாமல் விட, வேறு யாரோ அதை வாங்கியிருக்கிறார்கள். நான் அமுக்கியதும் பச்சைத் துணி விரித்த மேசையும் சீட்டுக்கட்டும் திரை முழுக்க வந்தன. பணம் வைத்து ரம்மி ஆட அழைத்தார்கள். அங்கே கொண்டுவிட்டது, என் பக்கத்தின் ஓரத்தில், "மழை அளவு அறிய" என்று நானே எழுதிவைத்த தலைப்பு. எத்தனை பேர் மழை பார்க்கப் போய் அந்த மேசையைப் பார்த்தார்களோ தெரியாது. ஒருவரும் என்னிடம் சொல்லவில்லை.

அந்த இணைப்பை நீக்கினேன். நாத்தனாருடையதைத் திரும்ப வைத்தேன். கணவரிடம் அப்போதுதான் முழுவதையும் சொன்னேன். அவர் செய்தித்தாளை மடித்து வைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார். சத்தம் போடவில்லை.

"கம்பெனிக்காரன் வெரட்டுனா நீ வேற எடத்துல எழுதிக்கிருவ," என்றார். "அவ அந்தப் பழத்த வேற எந்தக் கொடியில தொங்கவிடுவா?"

அவளுக்குப் பேச ஃபோனை எடுத்தேன். எடுத்தபோதே ஜன்னலில் மழை அடித்தது. கம்பத்துப் பக்கம் அதற்கு முன்பே தொடங்கிவிட்டதாம். அழைப்பை அவள் எடுக்கவில்லை.

பழுத்த திராட்சைக்கு மழை ஆகாது. தோல் வெடித்துவிடும். வெடித்த ஒரு பழம் அந்தக் குலையையே கெடுத்துவிடும். மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. முதல் பஸ்ஸில் சின்னமனூர், உத்தமபாளையம் வழியாகக் கம்பம் போய், அங்கிருந்து ஆட்டோவில் தோட்டத்துக்குப் போனேன். மழை விட்டிருந்தது. பந்தலிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. கூலிக்கு வந்த பெண்கள் தலையில் பிளாஸ்டிக் பையைக் கட்டிக்கொண்டு வெட்டினார்கள். நல்ல குலையிலிருந்து வெடித்த பழத்தைக் கத்தரி நுனியால் ஒவ்வொன்றாகக் கிள்ளி எடுக்க வேண்டும். காலுக்கடியில் சேறும் சாறும். குளவி மொய்த்தது.

நானும் ஒரு கத்தரியை எடுத்துக்கொண்டேன். பக்கத்தில் நின்ற அம்மா என்னைப் பார்த்துவிட்டு, "திராட்சக் கொலைக்கு நம்பர் போட்டு அடுக்கப் போறாக, லைப்ரரிக்காரம்மா" என்றார். மற்றவர்கள் சிரித்தார்கள். நாத்தனாரும் சிரித்தாள். உதவி செய்ய அவ்வளவு தூரம் வந்திருக்கிறேன் என்று அவள் நினைத்துக்கொண்டது அந்தச் சிரிப்பில் தெரிந்தது. அதைத் தாங்க முடியவில்லை. அவள் நின்ற வரிசைக்குப் போனேன்.

"கோளாறு ஒண்ணும் இல்ல தாயி. அந்த லிங்க நாந்தான் எடுத்தேன்."

அவள் கையில் இருந்த குலையைத் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள். "எப்ப?"

"நீ மொதல்ல ஃபோன் பண்ணியே, அதுக்கு முந்துன நாளு. எம் பக்கத்த மூடிருவாகன்னு பயந்துட்டேன். ஒன் லிங்கால இல்லன்னு நேத்துத்தான் தெரிஞ்சது."

ரம்மிப் பக்கத்தைப் பற்றிச் சொன்னேன். விதியைப் பற்றிச் சொன்னேன். கேலிக்காரரைப் பற்றிச் சொல்ல நினைத்தேன், சொல்லவில்லை. அவள் குலையைப் பெட்டியில் வைத்தாள். வெடித்ததா நல்லதா என்று பார்க்காமல் வைத்தாள்.

"பாக்குறேன், பாக்குறேன்னீகளே மதினி. எதப் பாத்தீக?"

நான் கத்தரியைக் கீழே வைத்தேன்.

"ஒத்த வார்த்த சொல்லிருந்தா அன்னைக்கே வியாபாரி கால்ல விழுந்தாவது வரச் சொல்லிருப்பேன். ஓங்கள நம்பி, இன்னைக்கு வரும் நாளைக்கு வரும்னு கொடியிலயே விட்டு வச்சேன்." குரல் உயரவில்லை. பக்கத்து வரிசைக்குக் கேட்டிருக்காது. "லிங்க எடுத்தது கூடப் பெரிசில்ல."

பிறகு அவள் வேறு வரிசைக்குப் போய்விட்டாள். மதியம் சாப்பாடு வந்தபோது எனக்கும் இலை போட்டாள். குழம்பு இன்னும் வேண்டுமா என்று கேட்டாள். அவள் வீட்டுக்காரர் என்னிடம் எப்போதும் போலப் பேசினார், அவரிடம் அவள் சொல்லவில்லை என்று அதிலிருந்து தெரிந்துகொண்டேன். சாயங்காலம் வியாபாரி வந்தார். வெடித்ததும் வெடிக்காததும் சேர்த்து ஜூஸுக்கு என்று ஒரு விலை சொன்னார். அண்ணாந்து கூடப் பார்க்கவில்லை. அவர் சொன்ன விலைக்கு அவள் தலையாட்டினாள். நான் அப்போது பெட்டிகளுக்கு இடையில் நின்றேன்.

இணைப்பு தன் இடத்துக்குத் திரும்பிவிட்டது. நிறுவனத்திலிருந்து, எல்லாம் சரியாகிவிட்டது, நன்றி என்று பதில் வந்தது. இப்போது ஒவ்வொரு மாதமும் இணைப்புகளை அமுக்கித் திறந்து, உள்ளே யார் இருக்கிறார் என்று பார்க்கிறேன். கேட்கிறவர்களுக்கும் அப்படித்தான் சொல்கிறேன். எது கூடும், எது கூடாது என்பது இப்போது எனக்கு இன்னும் நன்றாகத் தெரியும்.

மழைக்காலம் முடிந்து அவர்கள் மறுபடியும் கவாத்து வெட்டினார்கள். வழக்கமாக நிறம் திரும்பும்போது வரும் வியாபாரி, இந்த முறை துளிர் விட்டபோதே வந்து அச்சாரம் கொடுத்தாராம். அன்று மாலை நாத்தனார் ஃபோன் பண்ணினாள்.

"மதினி, அந்த லிங்க எடுத்துருங்க. அச்சாரம் வாங்கிட்டோம். இனி ஒரு கொலைப் பழம் வெளிய போனாலும் பேச்சு மாறுனோம்னு ஆயிரும்."

"அடுத்த வெள்ளாமைக்கு வேணுமுன்னா..."

"இவுகளுக்கு இனி அந்தத் தைரியமில்ல மதினி. விடுங்க."

பிள்ளைகளைப் பற்றிக் கேட்டாள். அவள் அண்ணனுக்கு இருமல் நின்றதா என்று கேட்டாள். வைத்துவிட்டாள். நான் கணினியைத் திறந்து, திராட்சைப் பதிவுகள் ஒவ்வொன்றையும் மறுபடி திறந்து, கீழிருந்த இணைப்பை எடுத்தேன். நிறுவனத்தின் விதிப்படி அது இருக்கலாம். அவள் கொடுத்த வாக்குப்படி இருக்கக் கூடாது. இந்த முறை மனம் லேசாகவில்லை.

போன வாரம் திருப்பூரிலிருந்து ஒரு வாசகர், கொடி பூ எடுத்துவிட்டதா, இந்த முறை பெட்டிக்கு எங்கே சொல்லிவைக்க வேண்டும், இணைப்பைக் காணோமே என்று எழுதிக் கேட்டிருந்தார். பூ எடுத்துவிட்டது என்று எழுதினேன். பழம் வியாபாரிக்குப் பேசியாகிவிட்டது என்று எழுதினேன். அதோடு நிறுத்தியிருந்தால் அதுவும் சரியான விவரமாகத்தான் இருந்திருக்கும். போன அறுவடையில், எடுக்கத் தேவையில்லாத இணைப்பை நான் எடுத்தேன், எடுத்ததைத் தோட்டக்காரரிடம் சொல்லாமல் இருந்தேன், அதனால்தான் இனி நேரடி விற்பனை இல்லை என்று சேர்த்து எழுதினேன். யார் வேண்டுமானாலும் படிக்கும் இடத்தில் அது இருக்கிறது. தோட்டத்துப் பதிவுகளை நாத்தனார் ஒன்று விடாமல் படிப்பாள். இதைப் படித்தாளா என்று அவள் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.